முட்டை அட்டையில் பல்லாங்குழி, காலண்டர் அட்டையில் தாயம்

பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட்டுப் பலகை செய்ய உட்காருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்கச் செய்யாதீர்கள், அடித்துப் பிடித்து விளையாடச் செய்யுங்கள். பலகை சுருண்டால் காய் நகரும். காய் வழுக்கினால் சண்டை வரும். தாயக்கட்டை ஒரே பக்கமாக விழுந்தால் ஆட்டமே செத்துப்போகும். வண்ணம், ஜிகினா எல்லாம் அப்புறம்தான். இந்தக் கோடையில், காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர் வீட்டில் நாங்கள் செய்த நாலு ஆட்டங்களையும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் திருத்தித் திருத்திச் செய்தோம்.

நாங்கள் என்றால், என்னை அத்தை என்று கூப்பிடும் அண்ணன் பிள்ளைகள், பெரியம்மா என்று கூப்பிடும் தங்கை பிள்ளைகள், எதிர்வீட்டுப் பெண், அவள் கூட்டிக்கொண்டு வரும் தெருப் பிள்ளைகள். ஆறு வயதிலிருந்து பதிமூன்று வரை எல்லா அளவிலும் இருந்தார்கள். மேற்பார்வைக்கு எங்கள் அம்மா. பாதிப் பேருக்கு அவர் அப்பத்தா, மீதிப் பேருக்கு ஆயா.

பொருள் தேடி வெளியே அலையவே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் எதையும் சட்டென்று தூக்கிப்போட மாட்டார்கள். இரண்டாம் கட்டு அறையைத் திறந்தால் கடைக்காரர்கள் வருஷா வருஷம் கொடுத்த தினசரி காலண்டர்களின் அட்டை ஒரு கட்டு இருந்தது. கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பெட்டி. கிழிந்த வேட்டி, கண்டாங்கிச் சேலையின் முந்தி, தளம் பழுது பார்த்தபோது உடைந்த ஆத்தங்குடிக் கல் துண்டுகள், பழைய ஜன்னல் சட்டம் ஒன்று. அடுப்படியில் முட்டை அட்டையும், புளிக்குக் கொட்டை எடுத்தபோது ஒதுக்கி வைத்த புளியங்கொட்டையும். காலண்டர் அட்டையை வெட்டப் பிள்ளைகள் தயங்கினார்கள், மேலே சாமி படம் இருக்கிறதே. அம்மா ஈரத்துணியை அதன்மேல் சிறிது நேரம் போட்டு வைத்து, படத்தை மட்டும் கிழியாமல் உரித்துக் கொடுத்தார். படங்கள் சாமி அறைக்குப் போயின, அட்டை எங்களுக்கு வந்தது.

முதலில் தாயம். பெரிய பலகை வேண்டாம், 5×5 கட்டமே போதும் என்று முடிவு செய்தோம். வெளிச்சுற்றில் 16 கட்டம், உள்சுற்றில் 8, நடுவில், சுற்றி முடித்த காய் பழமாக ஏறும் ஒரு கட்டம். நாலு பக்கத்தின் நடுக்கட்டங்களும் மையமும் மலை, அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. கட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் வைத்தால் பலகை 25 சென்டிமீட்டர் சதுரம். அந்த அகலத்துக்கு ஒரு காலண்டர் அட்டை பற்றாது, இரண்டைச் சேர்க்க வேண்டும். சரிபாதியாகச் சேர்த்தால் மடிப்பு நேராக மையக்கட்டத்தின் நடுவிலேயே விழும். "பழம் வைக்கிற எடத்துல பள்ளம் வருமே அத்தை" என்று அண்ணன் மகள்தான் கண்டுபிடித்தாள். ஆகவே ஒரு அட்டையை மூன்று கட்ட அகலத்துக்கும் மற்றதை இரண்டு கட்ட அகலத்துக்கும் வெட்டினோம். மடிப்பு ஒரு கோட்டின் மேலேயே விழுந்துவிட்டது.

இணைக்கும் துணிப்பட்டையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பது முக்கியம். இரண்டு அட்டையின் விளிம்பையும் முட்டவைத்து, கட்டம் வரைகிற பக்கத்தில் பட்டையை ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் முகத்தோடு முகம் சேர மடியும். விரிக்கும்போது விளிம்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் பலகை பின்னால் வளையாது. பின்பக்கம் ஒட்டினால் அட்டையின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டியிருக்கும், அந்தப் பள்ளத்தில் காய் கவிழும். கண்டாங்கிச் சேலைத் துணி இதற்கு அருமையாக அமைந்தது. பருத்தி பசையை நன்றாகக் குடிக்கிறது, பட்டை அசையாமல் பிடித்துக்கொள்கிறது.

பசை மைதாப் பசைதான். ஒரு கப் மாவுக்கு ஐந்து கப் தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும்வரை கிண்ட வேண்டும். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் அதைச் சேர்க்கவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொண்டோம்.

அட்டை சுருளும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வீட்டில் செய்யும் பலகைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இதில்தான். காகிதத்தில் பசை தடவியதும் அது ஊறி விரியும். காயும்போது சுருங்கும், ஒட்டியிருக்கிற அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். எவ்வளவு கனமான அட்டையானாலும் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் முறம் போல வளைந்தே தீரும். பின்பக்கமும் அதே காகிதத்தை அதே பசையில் ஒட்டினால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். கல்யாணப் பத்திரிகையைப் பலகைக்கு மேல்தாளாகப் போட்டோம். அச்சில்லாத உள்பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு பக்கமும் ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி, நன்றாகக் காயும்வரை யாரையும் தொட விடவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புத்தான் பெரிய கஷ்டம். ஆனால் எடுத்துத் தரையில் வைத்தபோது நாலு மூலையும் தரையோடு படிந்து நின்றதைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

காய்களுக்கு ஆத்தங்குடிக் கல் துண்டு. இந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். வண்ணம் மேல்பரப்பில் ஒரு படலம்தான். அதனால் முகத்தைத் தேய்க்கக் கூடாது, விளிம்பை மட்டும் தேய்க்க வேண்டும். கிணற்றடிச் சொரசொரப்புக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது, விரலைக் கிழிக்கிற முனையும் மழுங்கிவிடும். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று ஆளுக்கொரு நிறம் கிடைத்தது. கனமும் சரியாக இருக்கிறது, மின்விசிறிக் காற்றுக்கு அசைவதில்லை. பாட்டில் மூடியைக் காயாக வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம், ஆத்தங்குடித் தரைக்குச் செய்வதுபோலவே. வீட்டுத் தரை மாதிரியே காயும் மின்னியது.

தாயக்கட்டைக்கு அந்த உடைந்த ஜன்னல் சட்டம், பர்மாத் தேக்கு. ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில் ஐந்து சென்டிமீட்டர் நீளமாக அறுப்பது பெரியவர்கள் வேலை. உப்புத்தாளில் தேய்ப்பது பிள்ளைகள் வேலை. இதில் அவசரமே கூடாது. ஒரு பக்கம் கொஞ்சம் அகலமாகிவிட்டாலும் கட்டை அந்தப் பக்கமே படுத்துக்கொள்ளும். தேய்த்த கட்டையை 80 தடவை உருட்டி எழுதிவைத்தால் ஒவ்வொரு பக்கமும் 20-ஐ ஒட்டி வரவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கலாக வந்தால் மறுபடி உப்புத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று பக்கங்களுக்கு ஆணி முனையால் குழித்து மிச்சப் பெயிண்டை நிரப்பினோம். நாலாவது பக்கம் வெறுமை.

"ஏன் பெரியம்மா தாயம் மட்டும் விழவே மாட்டேங்குது?" என்று கேட்டான் தங்கை மகன். அதற்குப் பதிலாக ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் 16 கட்டம் போடச் சொன்னேன். மேலே ஒரு கட்டையின் நாலு பக்கம், இடது ஓரத்தில் இன்னொரு கட்டையின் நாலு பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டையும் கூட்டி எழுத வேண்டும், இரண்டும் வெறுமையானால் 12. எழுதி முடித்ததும் அவனே எண்ணினான். தாயம், அதாவது 1, இரண்டு கட்டத்தில்; 5 இரண்டு கட்டத்தில்; 6 ஒரு கட்டத்தில்; 12 ஒரு கட்டத்தில்; 2 மூன்று கட்டத்தில்; 4-ம் மூன்று கட்டத்தில்; 3-தான் அதிகம், நாலு கட்டத்தில். ஆக தாயம் எட்டுக்கு ஒன்று. மறுபடி போடக் கிடைக்கிற ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு எல்லாம் சேர்ந்தே 16-க்கு ஆறுதான். இதற்கப்புறம் அவன் காய் நகர்த்துவதே மாறிவிட்டது. எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நிற்பதில்லை.

சின்னவர்களுக்குத் தனியாகப் புளியங்கொட்டைப் பகடை. நாலு கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை, நாலும் கறுப்பானால் எட்டு. எங்கள் கொட்டைகளில் வெள்ளை கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்: "எல்லாரும் இதே கொட்டையத்தானே போடுறோம், விட்டுடுங்க." மிகச் சரி. பகடை எல்லாருக்கும் பொது என்கிறவரை ஆட்டம் நியாயமாகத்தான் நடக்கும்.

பல்லாங்குழிதான் அதிக வேலை வாங்கியது. அதிக சந்தோஷம் கொடுத்ததும் அதுவே. 30 முட்டை பிடிக்கிற அட்டையில் வரிசைக்கு ஆறு குழிதான் உண்டு, நமக்கு ஏழு வேண்டும். இரண்டு வரிசையை நீளவாக்கில் வெட்டிக்கொண்டு, மிச்சத்திலிருந்து இரண்டு குழியைத் தனியே வெட்டி முனையில் வைத்து, கோணி ஊசியால் தைத்தோம். அப்படியே காலண்டர் அட்டை மேல் ஒட்டி விளையாடலாம்தான். ஆனால் முட்டை அட்டைக் குழியின் அடி குறுகலாக இருக்கும். விரல் நுழைந்து கொட்டையை வழித்து எடுக்க வராது. பல்லாங்குழியின் சுகமே ஒரே வழிப்பில் குழி காலியாவதில்தானே இருக்கிறது. அடியை உருட்டையாக்க வேண்டும்.

அதற்குக் கூழ். பழைய செய்தித்தாளை ஊறவைத்து வெந்தயத்தோடு ஆட்டிக் கூடை செய்கிற வேலை அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தாளைக் கையால் கிழித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, பிழிந்து, தனியே ஊறிய வெந்தயத்தைச் சேர்த்துக் கிரைண்டரில் ஆட்டினோம். ஒரு சின்ன வாளிக் கூழுக்கு இரண்டு கைப்பிடி வெந்தயம். "வெந்தயம் கொறஞ்சா காஞ்சதும் உதிரும் ஆத்தா, நல்லா வழவழன்னு வரணும்" என்று அம்மா பேத்தியின் கையைப் பிடித்துக் கூழைப் பிசைய வைத்தார். வெந்தயத்தின் வழவழப்புத்தான் பசை. அந்தக் கசப்புக்குப் பூச்சியும் லேசில் வராது. கூழைக் குழிக்குள் அப்பி, குழிக்கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி உருட்டினோம். குழி அகன்று ஆழமும் சமமானது. குழிகளுக்கு நடுவில் நிற்கிற முட்டை அட்டையின் கூம்புகளையும் கூழிலேயே புதைத்து மேலே சமமாக்கினோம்.

காயவைப்பதில் கவனம் வேண்டும். நேராக வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் காய்ந்து பிளக்கும். முதலில் வளவுத் தாழ்வாரத்து நிழலில் வைத்து, தொட்டால் ஈரம் ஒட்டாத பதம் வந்த பிறகு வெயிலுக்கு நகர்த்தினோம், அவ்வப்போது திருப்பியும் போட்டோம். பிறகு உப்புத்தாள், அதன்மேல் பத்திரிகைத் தாளின் துண்டுகள், கடைசியாகக் காவி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரப் பல்லாங்குழிகளைப் பார்த்திருக்கிறேன், செதுக்கியவர்களின் கை நேர்த்தி அசத்தும். எங்களுடையது அந்த நேர்த்திக்கு வராது. ஆனால் குழியை வழிக்கும்போது கொட்டை ஒன்றுகூட அடியில் தங்குவதில்லை, அது போதும்.

குழிக்கு ஐந்து வீதம் 70 கொட்டை. மஞ்சாடி கிடைத்தால் இன்னும் அழகு. குன்றிமணியை மட்டும் பிள்ளைகள் ஆட்டத்துக்கு எடுக்காதீர்கள். கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதை, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் கடித்து உள்ளே போனால் கொடிய விஷம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் எந்தக் கொட்டையானாலும் உயரத்தில் வையுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆடுபுலி ஆட்டம் ஒரே பொழுதில் முடிந்துவிட்டது. வேட்டித் துணியில் உச்சியில் ஒரு புள்ளி, அங்கிருந்து அடிவரை விரியும் நாலு கோடு, குறுக்கே மூன்று கோடு. குறுக்குக் கோடுகளின் முனைகளை இரண்டு பக்கமும் இணைத்தால் உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் 18, அடியில் 4, மொத்தம் 23 இடம். கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கியிருக்கிற அதே கட்டம்தான். சிரட்டைத் துண்டில் 3 புலி, சோடா மூடியில் 15 ஆடு. எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். முதல் ஆட்டத்துக்கு முன்பே அதைப் பேசி நோட்டில் எழுதிவிடுவது நல்லது.

நாலாவது ஆட்டம் பிள்ளைகளே யோசித்தது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி விழித்திருக்கப் பரமபதம் ஆடுவோமில்லையா, அதுபோல நம்ம ஊருக்கு ஒன்று வேண்டும் என்றார்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போகிறார்களே, அதைச் செய்யலாம் என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னதும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். குன்றக்குடியில் தொடங்கி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. பெரியவன் நூறு கட்டம் கேட்டான். அந்த 16 கட்டத் தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். இரண்டு கட்டையை உருட்டினால் சராசரி 3.75. நூறுக்கு ஆளுக்கு 27 தடவை உருட்ட வேண்டும், அறுபதுக்கு 16 தடவை போதும். நாலு பேர் ஆடினால் ஆறு வயதுக்காரி தூங்கிவிடுவாள் என்று அவனே அறுபதுக்கு இறங்கி வந்தான்.

பலகை ஒரு நீளப் பாதை. பத்துப் பத்திரிகை அட்டை, ஒவ்வொன்றிலும் ஆறு கட்டம், துணிப்பட்டையால் கோத்தது. விசிறி மடிப்பாக மடியவேண்டும் என்பதால் ஒரு இணைப்புக்குப் பட்டை மேல்பக்கம், அடுத்ததற்குக் கீழ்ப்பக்கம். பட்டை ஒட்டிய பக்கமாகத்தான் மடியும் என்பதால் இரண்டு இடத்திலும் விளிம்புகளை முட்டவே வைத்தோம். தாயப் பலகையில் கற்றது இங்கே கை கொடுத்தது, யாரும் என்னைக் கேட்கவில்லை. திண்ணையில் விரித்தால் நிஜமான சாலை மாதிரி ஓடுகிறது. காய்க்கு மூடியின்மேல் ஈர்க்குச்சியை வளைத்து மெழுகில் நிறுத்தி ஆளுக்கொரு காவடி.

கட்டங்களில் என்ன எழுதுவது என்பதில்தான் நீண்ட பேச்சு. நீர்மோர்ப் பந்தலுக்கு மூன்று கட்டம் முன்னால். காலில் கொப்புளத்துக்கு முதலில் "குன்றக்குடிக்கே திரும்பு" என்று எழுதினார்கள். ஆடிப் பார்த்ததில் சின்னவள் நத்தத்தையே பார்க்காமல் அழுதாள். அப்பாவோடு கொஞ்ச தூரம் நடந்த அனுபவமுள்ள தெருப் பையன் ஒருவன் திருத்தினான்: "கொப்புளம் வந்தா யாரும் திரும்பிப் போகமாட்டாங்க, ஒக்காந்துட்டு வருவாங்க." அப்படியே ஒரு தடவை இளைப்பாறுவது என்று மாற்றினோம். அவனே இன்னொன்றும் சொன்னான். யாத்திரையில் முன்னால் போனவர்கள் தங்குமிடத்தில் காத்திருப்பார்கள், கூட்டமாகத்தான் கிளம்புவார்கள். அதனால் நத்தத்தில் எல்லாரும் வந்து சேரும்வரை யாரும் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார்கள். காத்திருப்பவருக்குச் சும்மா இருப்பது அலுக்குமே என்றதற்கு, காத்திருப்பவருக்கு விழும் எண்ணைப் பின்தங்கியவருக்குக் கொடுக்கலாம் என்றாள் அண்ணன் மகள். எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறேன், இப்படி ஒரு விதியை நான் யோசித்ததில்லை.

அப்போ யார் ஜெயிப்பது? இதில் மதியச் சாப்பாடுவரை சண்டை. கடைசியில் தைப்பூசத்தையே எதிராளியாக்கிவிட்டார்கள். ஒரு கொட்டானில், அதாவது சின்ன ஓலைக் கூடையில், புளியங்கொட்டை போட்டு வைத்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றை வெளியே எடுப்பது. கொட்டான் காலியாவதற்குள் எல்லாரும் பழனி சேர்ந்தால் எல்லாருக்கும் ஜெயம், இல்லாவிட்டால் பூசம் முடிந்துவிட்டது, எல்லாருக்கும் தோல்வி. 25 கொட்டை வைத்தபோது எப்போதும் சுலபமாகச் சேர்ந்தார்கள், சுவை இல்லை. 18-க்கு இறக்கியதும் கடைசிக் கொட்டைவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். பெரியவன் தனக்கு விழுந்த பன்னிரண்டைச் சின்னவளுக்குக் கொடுத்தான், யாரும் சொல்லாமலே.

விதிகளையெல்லாம் ஒரு நோட்டில் பிள்ளைகள் கையெழுத்திலேயே எழுதியாகிவிட்டது. மாற்ற வேண்டுமானால் ஆட்டம் முடிந்த பிறகுதான், நடுவில் கூடாது. காய்களும் கட்டைகளும் ஆட்டத்துக்கு ஒரு கொட்டானில். ஆடுபுலித் துணி சுருட்டிக்கொள்ள வசதி என்பதால் தங்கை பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டது. அவர்களுக்கும் ஒரு பல்லாங்குழி வேண்டுமாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கூழ் காயவே காயாது, காலாண்டு விடுமுறைக்குள் முடிக்க வேண்டும். முட்டை அட்டையைத் தூக்கிப்போடாமல் சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.